மூன்றே மாதத்தில் ஜெனிஷா

நல்லம்பள்ளியில் ஜெனிஷா என்று கேட்டால், "ரத்தம் எடுக்கிற பொண்ணுதானே?" என்பார்கள். தருமபுரியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. ஊசி குத்தினால் வலிக்காது என்று பேர் வாங்கியிருந்தாள். அவள் வளையங்களில் தொங்கிப் பயிற்சி செய்கிறவள் என்பது, அந்த வீடியோ வரும்வரை அம்மா லூர்து மேரிக்கும் தோழி தேவிப்பிரியாவுக்கும்தான் தெரியும்.

ஆரம்பித்து வைத்ததே தேவிப்பிரியாதான். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. ஒரு நாள் அவள் செல்போனில் ஒரு பெண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் மர வளையங்கள் இரண்டைப் பிடித்துத் தொங்கி, உடம்பை மேலே இழுத்து, அப்படியே வளையங்களுக்கு மேலேறிக் கைகளை நீட்டி நின்றாள். மசில்-அப் என்று அதற்குப் பெயர். "நாமளும் பண்ணலாம்டி" என்றாள் தேவிப்பிரியா. ஜெனிஷாவின் அண்ணன் ஆண்டனி கட்ட ஆரம்பித்துவிட்டு, ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு அப்படியே நின்றுபோன வீடு ஒன்று இருந்தது. மேலே கான்கிரீட் போட்டிருந்தார்கள், ஜன்னல்கூட வைக்கவில்லை. அந்த வீட்டு உத்தரத்தில் வளையங்களைக் கட்டினார்கள்.

முதல் நாள், ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் ஜெனிஷாவின் கை நழுவிவிட்டது. உடம்பை ஒரே ஒரு முறை முழுதாக மேலே இழுக்க முதல் வருடம் முழுவதும் போதவில்லை. எம்பிக் குதித்து மேலே போவாள். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவாள். அவ்வளவுதான் முடிந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. வேலையில் கையுறை இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"ஆம்பளப் பையனாட்டம் தொங்கிக்கிட்டு! பொண்ணு பாக்க வர்றவங்க கையைப் பாத்தா என்னடி நெனப்பாங்க?" என்று லூர்து மேரி தினமும் சத்தம் போட்டாள்.

இரண்டாவது வருடம் அவசரப்பட்டுவிட்டாள். சதைக்கு வலு வந்துவிட்டது என்று நம்பி, வளையங்களின் மேல் நின்று உடம்பை இறக்கி ஏற்றும் டிப்ஸைத் தொடங்கினாள். இரண்டு முழங்கைகளும் பிடித்துக்கொண்டன. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. தலை சீவவும் வலித்தது. சதை சீக்கிரம் ஏறினாலும், மூட்டைச் சுற்றியிருக்கும் தசைநார் தன் போக்கில்தான் இறுகும் என்பது அப்போதுதான் புரிந்தது. மாதக்கணக்கில் வளையங்களைத் தாழ்த்திக் கட்டி, குழந்தை விளையாட்டு மாதிரி சாய்ந்து சாய்ந்து இழுத்தாள். தான் தாண்டி வந்த இடத்துக்கே மறுபடி போய் நிற்பது அவமானமாக இருந்தது.

தேவிப்பிரியா அதற்கு முன்பே பயிற்சியை விட்டிருந்தாள். ஆனாலும் வருவாள். சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்து, "நீ பண்ணுடி, நான் எடுக்கறேன்" என்று செல்போனைத் தூக்கிப் பிடிப்பாள். எல்லோரும் வேண்டாம் என்கிற காரியத்தை ஒருத்தியாவது உட்கார்ந்து பார்க்கிறாளே என்பது ஜெனிஷாவுக்குப் பெரிய பலமாக இருந்தது. முதல் முறை தாடை வளையத்தைத் தாண்டியபோது, இவளைவிட அதிகமாக அழுதவள் தேவிப்பிரியாதான்.

நான்காவது வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மசில்-அப் வந்தது. தேவிப்பிரியா அதையும் எடுத்தாள்.

சில மாதங்கள் கழித்து, ஐஸ்வர்யா என்ற பெண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். முழங்கையில் கட்டு. ஊசியை எடுத்த ஜெனிஷாவின் முகத்தையே அவள் உற்றுப் பார்த்தாள்.

"நீங்க அந்த மூணு மாசம் அக்காதானே?"

"எந்த மூணு மாசங்க?"

ஐஸ்வர்யா செல்போனைக் காட்டினாள். முதலில், தொங்க முடியாமல் கீழே விழும் ஜெனிஷா. அடுத்த நொடியே வளையங்களின் மேல் கைநீட்டி நிற்கும் ஜெனிஷா. நடுவில் பெரிய எழுத்தில் 'மூன்றே மாதம்!' கூடவே தேவிப்பிரியாவின் குரல்: "இவங்க என்னோட ஸ்டூடன்ட் ஜெனிஷா. நீங்களும் வாங்க." கீழே அவளுடைய எண்.

"நானும் பணம் கட்டிச் சேந்தேங்க. ரெண்டாவது மாசமே டிப்ஸ் பண்ண வெச்சாங்க. கை போச்சு. உங்களுக்கு வந்துச்சே, எனக்கு மட்டும் ஒடம்புல ஏதோ கொறன்னுதான் டாக்டர்கிட்ட போனேன். ரத்தம் பாக்கச் சொல்லிட்டாரு."

"எனக்கு மூணு மாசத்துல வரலீங்க. நாலு வருஷம் ஆச்சு."

ஐஸ்வர்யாவின் முகம் மாறியது. "அப்ப நீங்களும் சேந்துதான் ஏமாத்துனீங்களா?" கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வேறு ஆளை வரச் சொல்லித்தான் ரத்தம் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே ஜெனிஷா விசாரித்துக்கொண்டு போனாள். மாடியில் ஒரு ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தாள் தேவிப்பிரியா. வாசலில் ஜெனிஷாவின் படம் போட்ட பேனர். அந்த ஹால் திறந்ததைக்கூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"ஏன்டி இப்படிப் பண்ண?"

"நாலு வருஷம்னு சொன்னா எவடி வருவா?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ ஒத்துக்கமாட்ட. அதான் கேக்கல." தேவிப்பிரியா கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நான் எடுக்கலேன்னா நீ பண்ணது யாருக்குத் தெரியும், சொல்லு?"

"சரி, மிச்ச வீடியோ எல்லாத்தையும் குடு. கை வலியில கெடந்தது, சாஞ்சு இழுத்தது, எல்லாம். நானே போட்டுக்கறேன்."

"அதெல்லாம் இல்ல. அப்பவே அழிச்சிட்டேன்."

"அப்பவேன்னா?"

"நீ கை வலியில கெடந்தப்பவே. போன்ல எடமில்ல, அதையெல்லாம் யாரு பாப்பா?"

ஜெனிஷா திரும்பிப் படியிறங்கினாள். பொய் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்த மாதங்களில்தான் தேவிப்பிரியா தினமும் வந்து உட்கார்ந்து, "விடாதடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அழித்திருக்கிறாள்.

தேவிப்பிரியா பேனரை எடுத்துவிட்டாள். வீடியோ பரவுவது நிற்கவில்லை, யார் யாரோ எடுத்துத் திரும்பப் போட்டார்கள். ஜெனிஷா தானே பேசி, உண்மையைச் சொல்லி ஒன்று போட்டாள். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அதிலும் ஒருவர், 'கற்றுக்கொடுத்தவர் மேல் பொறாமை' என்று எழுதியிருந்தார். தெருவில், "மூணே மாசத்துல சாதிச்சிட்டியாமே!" என்று நல்ல மனதோடு சொன்னவர்களிடம் முதலில் விளக்கினாள். பிறகு பேசாமல் நடந்தாள். சில வாரம் வளையத்தைத் தொடவே மனம் வரவில்லை. மறுபடி தொடங்கியபோது மசில்-அப் வரவில்லை. அதற்குக் கீழே இருந்த படியிலிருந்து ஏற வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள் தேவிப்பிரியா போனில் கூப்பிட்டாள். ஹாலுக்கு ஆள் வருவதில்லையாம். இன்னும் இரண்டு பேருக்குக் கை போய்விட்டதாம்.

"நீ வந்து சொல்லிக்குடுடி. உனக்குத்தான் எல்லாம் தெரியும். நீ வந்தா நம்புவாங்க."

"யாரை?" என்று கேட்டாள் ஜெனிஷா.

ஜெனிஷா போனை வைத்தாள். அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்த லூர்து மேரி, மகள் அழுவதைக் கண்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.