மாமாவின் மழைத்தண்ணீர்

காலையில் மாமா முதலில் தொடுவது வேரைத்தான். விறாந்தைக் கூரையில் வரிசையாகத் தொங்கிய மரக்கூடைகளிலிருந்து வாண்டா ஓர்க்கிட் பூச்செடிகளின் வேர்கள் வெறுங்காற்றில் இறங்கியிருக்கும். அவற்றில் ஒன்றை ஒற்றை விரலில் ஏந்தி நுனியைப் பார்ப்பார். மண்ணே கிடையாது. கூடைக்குள் கொஞ்சம் கரியும் ஓட்டுத்துண்டும் மட்டும். சாம்பல் பூத்த வேர் தண்ணீர் பட்டதும் பச்சையாகும். பச்சையானதும் நிறுத்திவிட வேண்டும். குருத்துக்குள் நீர் தேங்கினால் அழுகிவிடும் என்று துணி நுனியைத் திரித்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுப்பார். அந்த நேரத்தில் அவருடைய முகத்தைப் பார்க்கிறவர்கள் எவ்வளவு நல்ல மனிதர் என்றுதான் சொல்வார்கள்.

மாமா என் அம்மாவின் அண்ணன். அவருடைய மனைவியைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வெல்லாவெளியிலிருந்து கூட்டிவந்தார்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த காலம். மாமிக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள் லண்டனில். வாவிக்கரையில் இருந்த அந்த வீடு மாமியின் சீதன வீடு. மாமா கலியாணம் முடித்து அங்கே வந்தவர். ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள முன்பக்கம் முழுவதும் பூக்களுக்குப் போயிருந்தது. மாமி பின்னறையில் கிடந்தா. யன்னலைத் திறந்தால் மதில்தான் தெரியும்.

கோடையில் கச்சான் காற்று தொடங்கியதும் கிணறு உவர்த்துவிட்டது. குழாய்த் தண்ணீர் அப்போது எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. குடிப்பதற்கு மட்டும் பிளாஸ்ரிக் கானில் நல்ல தண்ணீர் வாங்கினோம். மாமியின் முதுகில் படுக்கைப் புண் வந்திருந்தது. கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால், பேச்சுக் குழறிய அந்த மனுசி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவா. வீட்டின் பக்கவாட்டில் பெரிய கறுப்புத் தாங்கியில் மாரியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தது. ஒரு வாளி எடுத்து வந்து துடைத்தேன். அன்றைக்கு மாமி முனகவில்லை, கண்ணை மூடித் தூங்கிப்போனா.

மறுநாள் தாங்கிக் குழாயில் பூட்டுத் தொங்கியது.

"அது ஓர்க்கிட்டுக்கு வச்ச தண்ணி மகள்," என்றார் மாமா, கோபமே இல்லாமல். "உப்புப் பட்டா வேர்நுனி கருகிப் போகும். மாரி வரைக்கும் காணணும்."

"மாமிக்குப் புண் எரியுது மாமா."

"அவவுக்கு எரிஞ்சா வாய் இரிக்கி, சொல்லுவா. இதுகளால சொல்லேலா."

நான் எதையும் மறைக்கவில்லை, அப்படியே மாமியிடம் சொன்னேன். கோணிய வாயால் சிரித்தா. "என்னையும் ஒரு கூடைக்குள்ள வச்சுக் கட்டித் தொங்கவிடச் சொல்லு புள்ள. அப்பயாவது வந்து பாப்பாரு."

பிறகு நான் குடிக்க வாங்கிய தண்ணீரில்தான் துடைத்தேன். அது போதவில்லை. கச்சான் முடிவதற்குள் புண்ணில் புழு வைத்துவிட்டது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று கேட்டேன். நல்ல வாண்டா ஒன்று மொட்டு விட்டிருந்ததால், "அது விரியட்டும், மறுகா பாப்பம்" என்றார்.

அது விரிந்தது, நீலநிறம். இதழ்களில் வலை பின்னியதுபோலக் கோடுகள். மாமி செத்ததும் அந்தக் காலையில்தான். நான் ஓடிவந்து விறாந்தையில் நின்று கத்தியபோது, மாமா தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். "வாறன், இந்த வரிசை முடியட்டும்," என்றார். முடித்துவிட்டுத்தான் வந்தார். பிரேதத்தை எடுக்கப்போகும் நேரம், என் அம்மா அந்த நீலப்பூங்கொத்தை நுள்ளி மாமியின் நெஞ்சில் வைக்கக் கை நீட்டினா. மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "சும்மா விடு தங்கச்சி. செடியில இரிந்தா மாசம் முழுக்க நிக்கும். அங்க கொண்டு போனா மண்ணுக்குள்ளதானே." சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. மாமி பிளாஸ்ரிக் மாலையோடு போனா.

இப்போது நான் நகரத்தில் வங்கியில் வேலை செய்கிறேன். போன மாதம் அம்மா தந்துவிட்ட எருமைத் தயிரோடு மாமாவிடம் போனேன். இப்போது அவர் பேர்பெற்றவர். அவர் வளர்ப்பு முறைகளைப் பேசிப் பதிவிடும் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தூரத்திலிருந்தெல்லாம் செடி வாங்க வருகிறார்கள். அன்றும் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கும் ஒரு பிள்ளை தாயோடு வந்திருந்தாள். தாயின் கண் சுவரில் இருந்த மாமியின் படத்துக்குப் போனது.

"பூவையே இப்பிடிப் பாக்கிறவரு, பொஞ்சாதிய எப்பிடி வச்சிருந்திருப்பாரு! குடுத்து வச்ச மனுசி."

"ஒரு குறையும் விடல்ல தங்கச்சி," என்றார் மாமா. "இந்தா, இவள்தான் கூட இரிந்தவள். என்ன மகள்?"

அவர் நடிக்கவில்லை. அந்த முகத்தில் துளி கூச்சமும் இல்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது.

"மாமிக்குப் புண்ணில புழு வச்சிது," என்றேன். "கழுவ நல்ல தண்ணி கேட்டன். மாமா குழாயைப் பூட்டிட்டாரு."

தாய் மகளின் கையைப் பிடித்தா. அந்தப் பிள்ளை தெரிந்தெடுத்து வைத்திருந்த கூடையை முற்றத்திலேயே வைத்துவிட்டு, இருவரும் வெளியே நடந்தார்கள். அவர்கள் படலையைத் தாண்டும்வரை மாமா பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்புவார் என்று காத்திருந்தேன்.

"பாத்தியா மகள், நடு வெயில்ல வச்சிட்டுப் போயிட்டாள்," என்றார். குனிந்து, கூடையை இரண்டு கைகளாலும் ஏந்தி நிழலுக்குக் கொண்டுபோனார்.