நடை திறக்கும்வரை என் ரசிகர்கள்

இருபது வருஷமாகப் பிறருடைய காலி ஹால்களில் வயலின் வாசித்து வந்திருக்கிறேன். இதில் ‘பிறருடைய’ என்ற சொல்தான் முக்கியம். கச்சேரிக்கு ஆள் வரவில்லை என்றால் அது பாட்டுக்காரரின் தலைவலி. நோட்டீஸில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், என் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும். வராத கூட்டம் அவரைக் கேட்கத்தான் வரவில்லை. என்னைக் கேட்க வராமல் இருக்கவேண்டிய அவசியம் யாருக்குமே நேர்ந்ததில்லை. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

பகலில் அரசு அலுவலகத்தில் ஃபைல் தள்ளும் உத்தியோகம். மாலையில், உற்சவ காலங்களில், திருவனந்தபுரத்துச் சின்னக் கோயில்களில் பக்கவாத்தியம். நாங்கள் மூன்று பேர். பாடுகிறவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மிருதங்கக்காரர் ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்கிற திருநெல்வேலிக்காரர், எங்கள் எல்லாருக்கும் அண்ணாச்சி. கடையைப் பாதியில் விட்டுவிட்டு நேரே மேடைக்கு வருவார். அவர் பக்கம் காற்றடித்தால் முதல் இரண்டு கிருதிக்கு நான் தும்மலை அடக்கிக்கொண்டே வாசிக்க வேண்டும்.

பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் உள்ள கோயிலில் ஒவ்வொரு உற்சவத்துக்கும் எங்களுக்கு மாலை ஆறு மணிக் கச்சேரி. அந்த ஆறு மணியின் சூட்சுமத்தைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் தொடங்கும்போது ஹாலில் நாற்காலிகள் மட்டும் இருக்கும். ஆறேகாலுக்குத் தீபாராதனைக்காக நடை சாத்துவார்கள். திறக்கும்வரை நிற்க முடியாதவர்கள், வழிபாட்டு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து உட்காருவார்கள். ஐந்து நிமிஷத்தில் ஹால் நிறைந்துவிடும். ஆறரைக்கு மணி அடித்து நடை திறக்கும். அத்தனை பேரும் எழுந்து போவார்கள். தொழுதுவிட்டு அந்தப் பக்க வாசல் வழியாகவே பாயசத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதற்காகக் கச்சேரியை நிறுத்துகிற வழக்கம் அங்கே இல்லை. பாட்டும் தீபாராதனையும் ஒரே சாமிக்குத்தானே என்பது கமிட்டியின் கட்சி. ஆக, வருஷத்துக்குக் கால்மணி நேரம் எங்களுக்கு ரசிகர்கள் உண்டு.

அண்ணா ஒவ்வொரு வருஷமும் இந்தக் கால்மணி நேரத்தில் ஏமாறுவார். அதாவது, ஏமாறுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹால் நிறைந்ததும் முதுகு நிமிரும், குரல் திறக்கும், அன்றைய பெரிய ராகத்தை எடுத்துவிடுவார். தோடியில் பாதி தூரம் போகும்போது மணி அடிக்கும். வயலின்காரன் பக்கவாட்டில் உட்காருகிறவன். காலியாகும் ஹாலும் எனக்குத் தெரியும், அதைப் பார்க்கிற பாட்டுக்காரர் முகமும் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். வில்லும் வயலினுமாக இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருப்பதால் வாயை மறைக்கவும் வழியில்லை. நான் மறைக்க ரொம்பப் பிரயாசைப்பட்டேன் என்றும் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை நடித்தே காட்டுவேன். “மணி அடிச்சப்புறம் மூணு பேர். அதுவும் நாங்களேதான்” என்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர் கேட்டால் ஜனங்களுக்கு ஞானம் இல்லை என்பார், என்று அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். கடைசியில், “நான் மட்டும் தனியா வாசிச்சேன்னா மணி அடிச்சாலும் ஒருத்தன் நகர மாட்டான்” என்று முடிப்பேன்.

“பின்னே, நகர மாட்டாதான்” என்றாள் ஒருமுறை. “ஆத்துல நீங்கோ வில்லை எடுத்தா நான் எழுந்து சமையல்கட்டுக்குப் போயிடறேனே. அப்போ என்ன, மணியா அடிச்சுது?”

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கட்டியவளுக்குக் கலை தெரியாது என்று ஆண்கள் வழக்கமாகச் சொல்லிக்கொள்கிற சமாதானம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டேன்.

போன உற்சவத்தின்போது அண்ணாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கச்சேரியன்று காலையில் போன் வந்தது. எடுத்தால் வெறும் காற்று. கொஞ்ச நேரம் காதை ஒட்டி வைத்துக் கேட்டபிறகுதான் பேச்சு புரிந்தது.

“நீயே தனியா வாசிச்சுடு. அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டேன்.”

கமிட்டி செயலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமே என்று கூப்பிட்டேன். மலையாளத்தில் ரொம்பப் பிரியமாகப் பதில் சொன்னார். “ஆரெங்கிலும் வாயிச்சால் மதி, சாரே.” யாராவது வாசித்தால் போதும். அந்த யாராவது நான்தான் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம் பொங்கியது.

இருபது வருஷமாக வாய் கிழியச் சொல்லிக்கொண்டிருந்ததை நிரூபிக்க ஒரு மாலை கிடைத்திருக்கிறது. பத்துப் பேர் வேண்டாம், ஐந்து பேர் வேண்டாம். மணி அடித்தபிறகும் ஒரே ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டால் போதும், நான் ஜெயித்தவன். இல்லையென்றால் இத்தனை வருஷமும் அண்ணாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்ததற்கு எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? இந்தக் கடைசிக் கேள்வி அன்று காலையில் எனக்குத் தோன்றவில்லை. அன்று காலையில் நான் ஜரிகை வேட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மேடையேறும்போது அண்ணாச்சியிடம் என் திட்டத்தைச் சொன்னேன். “மணி அடிக்கறவரைக்கும் சின்னச் சின்ன கிருதியா வாசிப்போம். அண்ணா மாதிரிக் கூட்டத்தைப் பாத்து மயங்கக் கூடாது.”

“உங்களுக்குத் தெரியாததா சாமி” என்றார் அண்ணாச்சி.

ஆறேகாலுக்கு நடை சாத்தினார்கள். ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல்முறையாக மேடையின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஹாலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. நாற்பது முகங்கள். இரண்டாவது வரிசையில் ஓர் அம்மாள் தலையாட்டினாள். திட்டமாவது ஒன்றாவது. பெரிய ராகமாகக் காம்போதியை எடுத்துவிட்டேன். அண்ணாச்சி ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

நன்றாகத்தான் வந்தது. இது பொய்யில்லை, அன்று மாதிரி நான் அதற்கு முன்பும் வாசித்ததில்லை, பின்பும் இல்லை. ஆலாபனை முடிந்து கிருதியின் சரணத்துக்குள் போனபோது மணி அடித்தது. தலையாட்டிய அம்மாள்தான் முதலில் எழுந்தாள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஹாலில் ஒருவர் இருந்தார்.

ஒருவர். முன்வரிசை மூலையில், ஐம்பது வயசு மதிக்கத்தக்கவர். நகரவில்லை. ஒரு கை மடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. தாளம் போடுகிறார். இந்த ஒரு மனிதருக்காகத்தானே என்று அவர் பக்கமாகவே திரும்பி வாசித்தேன். அவரும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கொஞ்ச நேரத்தில் சந்நிதிப் பக்கமிருந்து, வெற்று மார்பில் சந்தனத்தோடு ஓர் ஆள் வந்தார். இங்கே கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். வந்தவர் என் ரசிகரின் மடியிலிருந்து ஒரு சட்டையை உருவிக்கொண்டு போனார். அப்போதுதான் மடியைச் சரியாகப் பார்த்தேன். சட்டைகள். மடித்து அடுக்கியவை. காலடியில் ஒரு பெரிய பை. குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள், இவரைச் சட்டைகளுக்குக் காவல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரி, காவலிருந்தால் என்ன, காது இருக்கிறதே என்று நினைத்தேன். இன்னும் நாலு சட்டை மிச்சமிருந்தது. கிருதியை முடிக்காமல் ஸ்வரத்துக்குள் போனேன். இரண்டாவது ஆள் வந்து ஒன்றை எடுத்தார். ஸ்வரத்தை நீட்டினேன். மூன்றாவது ஆளுக்குத் தன்னுடைய சட்டை எதுவென்று தெரியவில்லை, விரித்து விரித்துப் பார்த்தார். அந்தத் தாமதத்துக்காக அவரை மனசார வாழ்த்தினேன். அண்ணாச்சி இரண்டு முறை முடிப்புக்கு வழி விட்டுப் பார்த்தார். நான் கண்டுகொள்ளாமல் இன்னொரு சுற்று எடுத்தேன். அறிவுள்ளவன் எவனும் காம்போதியில் அத்தனை ஸ்வரம் வாசித்திருக்க மாட்டான்.

கடைசிச் சட்டையும் போனது. மனிதர் எழுந்தார். தன் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தார். பையைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மேடை தாழ்வானது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் பையை வைத்து, குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

“சாரே, இதொண்ணு நோக்கிக்கொள்ளணே. நட அடய்க்கும்.”

நடை சாத்துவதற்குள் கும்பிட்டு வந்துவிடுகிறேன், இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது, கை இரண்டும் வேலையாக இருந்தது. ஸ்வரம் தப்பவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் ஓடினபிறகு அண்ணாச்சியின் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் பட்டதும் சட்டென்று தலையைக் குனிந்து, மிருதங்கத்தில் ஏதோ சரியில்லாததுபோல் அதையே பார்த்து வாசித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அண்ணாவுக்காக நான் தலையைக் குனிந்ததில்லை என்று அப்போது நினைவு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. மங்களம் வரைக்கும் காலி நாற்காலிகளுக்கும் ஒரு பைக்கும் வாசித்தோம். பைக்காரர் மங்களத்தின் நடுவில் வந்து, ஒரு கும்பிடு போட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்.

“வாசிப்பு நல்லாத்தான் இருந்துச்சு சாமி” என்றார் அண்ணாச்சி, செருப்பைத் தேடும்போது. “ஸ்வரம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு.”

அன்று வீட்டில் எதையும் நடித்துக் காட்டவில்லை. மனைவியும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோசை வேண்டுமா என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் அண்ணாவைப் பார்க்கப் போனேன். கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு மிளகுப் பால் குடித்துக்கொண்டிருந்தார். குரல் இன்னும் காற்றாகத்தான் வந்தது.

“ஹால் எப்படி?”

“நிறைஞ்சுதுண்ணா.”

“மணி அடிச்சப்புறம்?”

“ஒருத்தர் இருந்தார்.”

“மடில சட்டை வச்சிண்டா?”

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் அந்த மூலைல இருப்பா” என்றார். “நடுவுல உட்கார்ந்தாத்தான் தெரியும். நீ உட்கார்ற எடத்துலேர்ந்து பார்த்தா தூண் மறைச்சுடும்.”

“தெரிஞ்சிண்டே ஏண்ணா அந்த நேரத்துல போய்ப் பெரிய ராகமா எடுக்கறேள்?”

“கால்மணி நேரம்தான் ஆள் இருக்கா. அப்போ எடுக்காம பின்னே எப்போடா எடுக்கறது?” பாலை ஒரு வாய் குடித்தார். “அப்புறம் நீ சிரிக்கறது. அதுவும் தெரியும்.”

“அப்படின்னா வருஷா வருஷம் என்னையே எதுக்குண்ணா கூப்பிட்டேள்? எத்தனையோ வயலின் இருக்கே இந்த ஊர்ல” என்றேன்.

அவர் பதில் சொன்னபோது குரல் ஒன்றுமே இல்லை. கிட்டக் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“சிரிச்சாலும் எழுந்து போகலையே நீ. மணி அடிச்சப்புறம் நான் உனக்குத்தான்டா பாடிண்டிருந்தேன்.”

நான் அலுவலகத்துக்கு அன்று ஒரு மணி நேரம் தாமதம். அந்தத் தோடிகளில் ஒன்றாவது நினைவில் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். இல்லை. அவர் முகம் மட்டும்தான் நினைவிருந்தது.