ஓரகத்தி எடுத்த படம்

அந்த மருத்துவமனையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. இருபத்து நான்கு வருடமாக ஒரே அறை, ஒரே வசனம். "மூச்ச நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க. ம், விடலாம்."

மருத்துவமனையில் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, தேதி முடிந்த எக்ஸ்ரே ஃபிலிம் பதினோரு பெட்டி மிச்சம் கிடந்தது. குப்பைக்குப் போகவிருந்ததைக் கேட்டு வாங்கி, நான்கு நடையாக ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அவள் கணவருக்குத் தச்சு வேலை. வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. "இதுல படம் எடுக்கலாம், ஒரு கேமரா செஞ்சு குடுங்க" என்றாள். அவர் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுச் செய்ய ஆரம்பித்தார். உடம்பு மரத்தில் ஆனது. லென்ஸ் ஒரு பழைய அச்சகத்தில் கிடந்தது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கிற மடிப்புத் துருத்தியைக் குடைத்துணியில் அவளே தைத்தாள். ஃபிலிமை நாலுக்கு ஐந்து அங்குலமாக நறுக்கிக்கொண்டாள்.

அந்தக் கேமராவில் படம் எடுப்பது ஒரு கல்யாணம் நடத்துகிற மாதிரி. முக்காலியை ஊன்றிக் கேமராவை நிறுத்த வேண்டும். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பின்கண்ணாடியில் பார்த்தால் எதிரில் இருப்பவர் தலைகீழாகத் தெரிவார். பூதக்கண்ணாடி வைத்துக் கண் இமை முடி தெரியும்வரை திருக வேண்டும். பிறகு லென்ஸை மூடி, ஃபிலிம் இருக்கும் சட்டத்தைச் செருகி, மறைப்புத் தகட்டை உருவி, அதன்பிறகுதான் படம். ஒரு ஃபிலிமில் ஒரே படம். அந்தப் பழைய ஃபிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்பதால் எதிரில் இருப்பவர் முழுதாக ஒரு நொடி ஆடாமல் இருக்க வேண்டும்.

எடுத்த ஃபிலிமைக் கழுவுவது குளியலறையில். ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை, உள்ளே சிவப்பு விளக்கு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில் யாருக்கும் குளியல் கிடையாது. மாமனார் மட்டும் ஒவ்வொரு வாரமும் பத்து ஐந்துக்கு, தோளில் துண்டோடு வந்து கதவைத் தட்டுவார்.

"மாமா, உள்ள ஃபிலிம் இருக்கு."

"நான் மட்டும் என்ன வெளிய காயணுமா?"

ஆறு வருடத்தில் தெருவில் பாதிப் பேரை அவள் எடுத்துவிட்டாள். ஒவ்வொரு படமும் கத்தி மாதிரி தெளிவு. சட்டைப் பொத்தானில் நூல் எத்தனை முறை சுற்றியிருக்கிறது என்று எண்ணலாம். ஆனால் எல்லா முகமும் விறைத்திருந்தது. "எல்லாரும் ரிசல்ட் என்ன வரப் போகுதோன்னு நிக்கிற மாதிரியே இருக்கே" என்பார் மாமனார். அவளுக்கு அது உறைக்கவில்லை. அதைக் கம்பீரம் என்று நினைத்துக்கொண்டாள். ஊர் நூலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை படக் காட்சி நடக்கும். ஐந்து வருடம் கொடுத்தாள். ஐந்து வருடமும் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, மாடிக்குக் குடிவந்தாள். கொழுந்தனுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் எட்டு மாதம் கடலில். தனியாக எதற்கு இருக்க வேண்டும் என்று மாமனார்தான் வரச் சொன்னார். அவருக்கு எக்ஸ்ரே அக்கா பெரியவள், இவள் சின்னவள். சின்னவள் ஒரு பார்லரில் முடி வெட்டுகிறவள். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவதுதான் அவள் பிழைப்பு.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "அய்யோ, மாமா தலைகீழா தொங்குறார்!" என்று சிரித்தாள். "அக்கா, நான் ஒண்ணு எடுக்கட்டுமா?"

எக்ஸ்ரே அக்காவே எல்லாம் சரிசெய்து கொடுத்தாள். சின்னவள் செய்ய வேண்டியது அழுத்துவது மட்டும்தான். ஆனால் அவள் அழுத்தவில்லை. மாமனாரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றாள். குளியலறை விஷயத்தில் அவர் படும் பாட்டை அக்கறையாகக் கேட்டாள். பிறகு, "அது சரி மாமா, உங்களுக்கு மொத மொதல்ல மீசை எப்போ வந்துச்சு?" என்றாள். அவர் வாயைத் திறந்து, பதில் சொல்லப் போய், யோசித்தார். அந்த யோசனையில் ஆள் சிலை மாதிரி நின்றுவிட்டார். கிளிக்.

படம் காய்ந்து வந்ததும் வீடே கூடிவிட்டது. மாமனார் தன் படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணில் குறும்பும் நினைப்புமாக, பேச வந்து நின்ற ஒரு மனிதர். "நான் இப்படியா இருக்கேன்?" என்று ஏழெட்டு முறை கேட்டார்.

"ஃபோகஸ் நான்தான் வெச்சேன்" என்றாள் எக்ஸ்ரே அக்கா. யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்தபோது அந்தப் படம் கூடத்துச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனாள்.

"ஆறு வருஷத்துல என் படத்துக்கு ஒரு சட்டம் போட்டிருக்கீங்களா?"

கணவர் இழைப்புளியை நிறுத்தினார். "நீ கேக்கலியே."

"அவ கேட்டாளா?"

அவர் கொஞ்சம் யோசித்து, "இல்ல" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதுதான் அவளை இன்னும் எரித்தது.

அன்றிலிருந்து அவள் வயிற்றில் ஒரு அடுப்பு அணையாமல் எரிந்தது. சின்னவள் மாடிப்படியில் இறங்கும் சத்தம்கூடப் பிடிக்கவில்லை. நானும் பேசிப் பார்க்கிறேன் என்று எக்ஸ்ரே அக்காவும் கிளம்பினாள். தபால்காரரை நிற்க வைத்து, "உங்களுக்கு மீசை எப்போ வந்துச்சு?" என்று கேட்டாள். அவருக்கு மீசையே இல்லை. அவர் மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டு, ஏதோ வியாதியைக் கண்டுபிடித்துவிட்டாள் போல என்று மிரண்டு நின்றார். படத்தில் அந்த மிரட்சி அப்பட்டமாக விழுந்தது.

சின்னவளோ நான்கே மாதத்தில் கேமராவைத் தானே கையாளக் கற்றுக்கொண்டாள். கழுவ மட்டும் தெரியாது. எடுத்த ஃபிலிமைச் சட்டத்தோடு கொண்டுவந்து, "அக்கா, உங்க கையால" என்று நீட்டுவாள். நூலகத்தில் அந்த வருடம் உழைக்கிறவர்களின் படங்கள் கேட்டிருந்தார்கள். "அத்தான பட்டறையில எடுத்திருக்கேன்க்கா. ஒண்ணே ஒண்ணுதான். நல்லா வந்தா குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டாள். முகூர்த்த நாள், பார்லரில் அன்றைக்குக் கூட்டம்.

எக்ஸ்ரே அக்கா கதவைச் சாத்திக்கொண்டு ஃபிலிமை மருந்துத் தட்டில் விட்டாள். தட்டை மெல்ல அசைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறிக் கிடந்தாலும் அவளுக்கு நெகட்டிவைப் படிப்பது செய்தித்தாள் படிக்கிற மாதிரி. முதலில் உளி வந்தது. பிறகு கை. பிறகு முகம். தூக்கிச் சிவப்பு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள்.

அவர் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்திருந்தார். உதடு சிரிக்கவில்லை, கண் மட்டும் லேசாகக் கூச்சப்பட்டது. கல்யாணமான புதிதில், வீட்டில் யாரும் இல்லாத பொழுதுகளில் அவள் பார்த்த முகம் அது. உலகத்தில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் நினைத்திருந்த முகம். அதை இவள் எப்படி வரவழைத்தாள்? அவரை அவளும் பத்துப் பதினைந்து முறை எடுத்திருக்கிறாள். ஒருமுறையாவது இதை அவளுக்குக் கொடுத்தாரா?

ஒரு கையில் ஃபிலிம் சொட்டிக்கொண்டிருக்க, மறு கையால் குழல்விளக்கின் சுவிட்சைப் போட்டாள். பளீரென்று வெளிச்சம் வந்தது. திரும்பத் தட்டில் விட்டாள். முகம், கை, உளி எல்லாம் ஒவ்வொன்றாகக் கறுத்து, கடைசியில் ஒரு கறுப்புத் தகடுதான் மிஞ்சியது.

"எங்கயோ வெளிச்சம் புகுந்திருக்கு. போச்சு" என்றாள் சின்னவளிடம்.

சின்னவள் முகம் சுண்டிப் போனது. ஆனால் கோபப்படவில்லை. "நான்தான்க்கா தகட்ட சரியா மூடலபோல. பாவம், நீங்க ஒரு மணி நேரம் உள்ள உக்காந்திருந்தீங்க" என்றாள். அதற்குப் பிறகு கேமரா பக்கமே வரவில்லை. கேட்டால், "எனக்கு இதெல்லாம் கை வராதுக்கா" என்று போய்விடுவாள். எக்ஸ்ரே அக்கா விரும்பியது அதுதானே? விரும்பியது கிடைத்தது. ஆனாலும் அடுத்த ஞாயிறு அவள் ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை வைக்கவில்லை.

கணவர் கேமராவைப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெளிச்சம் புகுகிறது என்றால் தன் வேலையில் எங்கோ குறை என்று அவருக்கு நினைப்பு. உள்ளே ஒரு சின்ன பல்பை எரியவிட்டு, ஜன்னலையெல்லாம் அடைத்து, துருத்தியின் ஒவ்வொரு மடிப்பையும் தடவித் தடவித் தேடினார். இல்லாத ஓட்டை எங்கே கிடைக்கும்? இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவது ஞாயிறு பின்பக்கச் சட்டத்தையே கழற்றி, எல்லா மூட்டையும் புதிதாக இழைக்க ஆரம்பித்தார்.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். கேமரா எலும்பு எலும்பாகப் பெஞ்சின்மேல் கிடந்தது.

"விடுங்க. ஓட்டை எதுவும் இல்ல."

"இல்லாம எப்படி?"

"நான்தான் லைட்ட போட்டேன்."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"உங்க முகம் அதுல நல்லா இருந்துச்சு."

 கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். "இத எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? மாடிக்குப் போய்ச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

மாடியில் சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அக்கா உட்காராமலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். "பரவாயில்லக்கா" என்று வரும் என ஒரு மூலையில் எதிர்பார்த்தாள். வரவில்லை.

"மூணு வாரமா நான் என்னையே திட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு தகட்ட மூடத் தெரியாத முட்டாள்னு. அத பாத்துக்கிட்டுத்தானே கீழ இருந்தீங்க?"

"ஆமா."

"அத்தான்கிட்ட என்ன கேட்டு அந்தப் படம் எடுத்தேன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அக்காவ மொத மொதல்ல எங்க பாத்தீங்கன்னு கேட்டேன்." சின்னவள் கையிலிருந்த சேலையை மடிக்காமலே கட்டிலில் போட்டாள். "அவர் பதிலே சொல்லல. அப்படியே நின்னார். எடுத்துட்டேன்."

அந்த வருடம் நூலகத்துக்குக் கொடுக்கவேண்டிய தேதி அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. மறுபடி எடுக்கலாமே என்று கணவர் சொல்லிப் பார்த்தார். கேமராவைத் திரும்பப் பொருத்தி எக்ஸ்ரே அக்காவே எடுத்தாள். அதே பெஞ்சு, அதே உளி. ஆனால் எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்ட மனிதருக்கு முகம் வளையவில்லை. சின்னவள் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவாள். அந்த மரியாதை கன்னத்தில் அறை வாங்கிய மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு ஞாயிறு தானாகவே இறங்கி வந்தாள். "எனக்குக் கழுவச் சொல்லிக் குடுங்க. இனிமே என் ஃபிலிம நானே கழுவிக்கிறேன்." சமாதானமாகச் சொல்லவில்லை. சாவியைத் திருப்பிக் கேட்கிற குரல். எக்ஸ்ரே அக்கா சொல்லிக்கொடுத்தாள். மருந்தின் சூடு, எத்தனை நிமிடம், எப்போது தூக்க வேண்டும், எல்லாம். வேலை பழகியபின் சின்னவள் உள்ளே தாழ் போட்டுக்கொள்வாள். எக்ஸ்ரே அக்கா கூடத்தில், மாமனாருக்குப் பக்கத்து நாற்காலியில், உள்ளே தண்ணீர் சலசலப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த வருடம் நூலகத்தில் சின்னவளின் படங்கள் மூன்றை மாட்டினார்கள். எக்ஸ்ரே அக்காவினுடையது ஒன்றும் இல்லை. போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். போனாள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றாள். மருத்துவமனையில் கூடவே வேலை பார்க்கிற நர்ஸ் படம் ஒன்று இருந்தது. தினமும் பார்க்கிற முகம். இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. "யாரு எடுத்தது?" என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். "என் ஓரகத்தி" என்றாள். சொல்லும்போது வயிறு எரிந்தது, கழுத்தும் கொஞ்சம் நிமிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொழுந்தன் கப்பல் வேலையை விட்டுக் கரையில் வேலை தேடிக்கொண்டபின் அவர்கள் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். கணவர் சின்னவளுக்கென்று புதிதாக ஒரு கேமரா செய்து கொடுத்தார். முதலாவதைவிட இது நன்றாக அமைந்துவிட்டது. எக்ஸ்ரே அக்கா அதன் மூட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு அன்றிரவு அவரோடு பேசவில்லை. ஆனாலும் துருத்தியை அவள்தான் தைத்தாள். ஃபிலிமும் இரண்டு பெட்டி, நறுக்காமல் முழுசாகக் கொடுத்தனுப்பினாள்.

மூன்று மாதம் கழித்துத் தபாலில் ஒரு படம் வந்தது. புது வீட்டுப் பக்கத்தில் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். எக்ஸ்ரே அக்கா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. வலது ஓரத்தில், சட்டைக் கைக்குப் பக்கத்தில், முடி அளவுக்கு ஒரு கீறல். அவளுக்கு மனசு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியை ஒரு வாய் காப்பி மாதிரி கொஞ்ச நேரம் அனுபவித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"படம் வந்துச்சு. ஓரத்துல கீறல் இருக்கே."

"ஆமாக்கா. எல்லாத்துலயும் விழுது. ஏன்னே தெரியல. உங்க வீட்டுல இருந்தவரைக்கும் விழல."

"நறுக்கின ஃபிலிமுக்கு மூலை கூரா இருக்கும். தட்டுல ஒண்ணா கழுவும்போது ஒண்ணோட மூலை இன்னொண்ண கீறிடும். நகவெட்டியால நாலு மூலையையும் வட்டமா வெட்டிக்கோ. அங்க நான் வெட்டித்தான் வெச்சிருந்தேன்."



"இத ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொல்லத் தோணல."

சின்னவள் சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று போனில் தெரியவில்லை. "சரி, இருங்க, நகவெட்டி எங்க வெச்சேன்னு பாக்குறேன்" என்று போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். எக்ஸ்ரே அக்கா இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தாள்.