தோய்ப்பு நாள் இங்கிலிஷ்

ஸ்பெயின் அன்ரியிடம் பொறாமைப்பட ஒன்றும் இருக்கவில்லை. எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில், கூரை சரிந்து தலையில் முட்டும் ஒற்றை அறையில் இருந்தார். குளிருக்கு ஒரே ஒரு கோட்டு, அதிலும் ஒரு பொத்தான் வேறு நிறம். ஜெர்மன் தெரியாது. தன் ஊரில் ஒரு சப்பாத்துக் கடையில் நெடுங்காலம் நின்றவர். அங்கே வேலைகள் எல்லாம் இல்லாமல் போன காலத்தில் சுவிஸில் நாங்கள் இருந்த இன்டர்லாக்கனுக்கு வந்து ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் பதினொரு வயதில் அவரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்ததுபோல் பிறகு யாரைப் பார்த்தும் எரிந்ததில்லை. அவரிடம் என் அம்மா இருந்தார்.

சுவிஸில் மாடி வீடுகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், நினைத்த நேரம் உடுப்புத் தோய்க்க முடியாது. நிலவறையில் தோய்க்கும் அறை ஒன்று, அதற்கு ஒரு சாவி. சாவி எந்த வீட்டில் இருக்கிறதோ அன்று அந்த வீட்டின் தோய்ப்பு நாள். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை அழுக்கோடு இருக்க வேண்டியதுதான். மிஷின் கதவின் உள்விளிம்பு ரப்பரைத் துடைக்காமல் விட்டால், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் வாசலில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போவார். அந்தத் தாளுக்குப் பயந்து நான் எங்கள் நாளில் இரண்டு தரம் கீழே போய் ரப்பரைத் தடவிப் பார்ப்பேன். அது எனக்குச் சின்ன வயதிலேயே வந்த வியாதி. இன்றைக்கும் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள்தான் நான்.

எங்களுடைய நாள் சனிக்கிழமைகளில் வரும். அப்படி ஒரு சனிக்கிழமை ஸ்பெயின் அன்ரி ஒரு சின்னப் பையோடு வந்து, மிஷினில் இடமிருந்தால் தன்னுடையதையும் போடலாமா என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா உடையாத ஆங்கிலத்தில் ஓம் என்றார். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

கலியாணம் முடித்து சுவிஸ் வரும்வரை அம்மா யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியில் இங்கிலிஷ் படிப்பித்தவர். இங்கே அந்த இங்கிலிஷுக்கு வேலை இருக்கவில்லை, ஜெர்மன் அவருக்கு வரவுமில்லை. காலையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கைத் துடைத்தார். நிலத்தோடு கதைக்க எந்த மொழியும் தேவைப்படாது. ஸ்பெயின் அன்ரிக்கோ இங்கிலிஷ் உயிர் போகிற தேவை. அவருடைய ஹோட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம். வருகிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டுக்காரர், இங்கிலிஷ் வந்தால் போதும், ஜெர்மன் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். அந்த மேசை கிடைக்காவிட்டால், சுற்றுலாப் பருவம் முடிந்ததும் அறை துப்புரவாக்குகிறவர்களை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். ஸ்பெயினுக்குத் திரும்பினால் அங்கே அந்தச் சப்பாத்துக் கடையும் இல்லை.

மேசைக்கு ஒரு சோதனை உண்டு. ஒருவர் வேலை முடித்துப் போகும்போது அடுத்து வருபவருக்கு ஓர் அறிக்கை எழுதி வைக்க வேண்டும். அதில் யார் செய்தது என்பது வரக் கூடாது, என்ன செய்யப்பட்டது என்பதே வர வேண்டும். அறை துப்புரவாக்கப்பட்டது. விளக்கு திருத்தப்பட்டது. சாவி ஒப்படைக்கப்பட்டது. ஏதாவது பிழை நடந்தால் மட்டும் யாரால் என்று கடைசியில் சேர்க்க வேண்டும். இந்தச் செயப்பாட்டு வினைதான் அன்ரிக்கு மண்டையில் ஏறவில்லை. ஸ்பானிஷிலும் அது இருக்கிறதாம், ஆனால் வாயால் கதைக்கும்போது யாரும் அதைத் தேடிப் போவதில்லையாம். முன்னால் ஒரு சின்னச் சொல்லைப் போட்டு, அறை தன்னைத் தானே துப்புரவாக்கிக்கொண்டது என்பதுபோலச் சொல்லிவிட்டு நடந்துவிடுவார்களாம். அன்ரி அதை அப்படியே தூக்கி இங்கிலிஷுக்குள் வைத்தார்.

“த றூம் கிளீன்ஸ் இட்செல்ஃப்.”

அறை தன்பாட்டில் துப்புரவானால் உனக்கு ஏன் சம்பளம் தருகிறார்கள் என்று அம்மா கேட்டார். அன்ரி யோசித்துப் பார்த்துவிட்டு, அதை முதலாளியிடம் கேட்டுவிடாதே என்றார். அடுத்த தோய்ப்பு நாளில் அது நேராகியது, வேறொன்று கோணியது. என்னால் என்று வர வேண்டிய இடத்தில் அன்ரியின் வாயில் எனக்காக என்பதுதான் வந்தது. அவர்களுடைய சொல் அந்தப் பக்கமாகவே இழுக்கிறதாம். அறை எனக்காகத் துப்புரவாக்கப்பட்டது. “அப்படியெண்டால் நீதான் விருந்தாளி, உன்ரை பெட்டியை ஆர் தூக்குறது?” என்று அம்மா இங்கிலிஷில் கேட்டதை எனக்குத் தமிழில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டு பேரும் மிஷினில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அம்மா அப்படிச் சிரிப்பார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்தும் அதே கதைதான். சாப்பிடும்போது அம்மா அப்பாவிடம், “அவையின்ரை பாஷையும் எங்கடை மாதிரித்தானப்பா. நாங்களும் கோப்பை உடைஞ்சு போச்சு எண்டுதானே சொல்லுறம். நான் உடைச்சன் எண்டு ஆர் சொல்லுவினம்?” என்றார்.

“நான் சொல்லுவன். நீதான் உடைக்கிறனி,” என்றார் அப்பா.

அன்ரியின் பாடம் எப்படி நடந்தது என்றால், உடுப்புக் கூடையில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து மிஷினுக்குள் போட வேண்டும், போடும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் சொல்ல வேண்டும். சட்டை தோய்க்கப்பட்டது. துவாய் தோய்க்கப்பட்டது. பிழைத்தால் துவாய் திரும்பக் கூடைக்கு வரும். “அகெய்ன். ஸ்லோலி,” என்பார் அம்மா. எத்தனை தரம் பிழைத்தாலும் அதே குரல், அதே சிரிப்பு. நான் சவர்க்காரத் தூள் வாளியின் மேல் குந்தியிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரிந்த குரல் அதுவல்ல.

எனக்குத் தெரிந்த குரல் மேலே, எங்கள் குசினி மேசையில் இருந்தது. அந்த வருடம் எனக்கு ஆறாம் வகுப்பு. அது முடியும்போது பிள்ளைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். கெட்டிக்காரர் செகுண்டாருக்கு, மற்றவர்கள் ரெயாலுக்கு. எனக்கு வாசிக்கிற ஜெர்மன்தான் ஏறவில்லை. ரெயாலுக்குப் போகிறவர்களின் வீட்டுக்கு வதிவிடப் பெர்மிட் புதுப்பித்துக் கொடுக்க மாட்டார்கள் என்று நானே ஒரு சட்டத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பயந்து காலையில் பாண் இறங்காமல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். மாலையில் அம்மா பக்கத்தில் இருந்து, “வாசி,” என்பார். வாசிப்பேன். “சரியா வாசி.” திரும்பவும் வாசிப்பேன்.

“எங்கை பிழை எண்டு சொல்லுங்கோவன் அம்மா.”

“வாய் காட்டாதை. பிழையெண்டு உனக்கே தெரியேல்லையோ?”

ஊரார் பிள்ளைக்கு அகெய்ன், ஸ்லோலி. சொந்தப் பிள்ளைக்கு வாய் காட்டாதை. இந்தக் கணக்கு எனக்கு எப்படிப் போட்டாலும் ஒத்து வரவில்லை. நானும் ஸ்பெயினில் பிறந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒருநாள் எனக்கும் இங்கிலிஷ் படிப்பியுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். “முதல் ஜெர்மனைப் படி, அதுதான் உனக்குச் சோறு போடும்,” என்றார். அன்ரியிடம் மட்டும் அம்மா அதைச் சொல்லவில்லை. அன்ரிக்கும் ஜெர்மன் தெரியாது!

அன்ரியின் சோதனைக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. அன்று கூடை நிரம்பி வழிந்தது, ஏனென்றால் அப்பாவின் வெள்ளைக் கோட்டுகளும் அதற்குள் இருந்தன. அப்பாவுக்கு ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை. அங்கே கோட்டை அவரவர்தான் தோய்த்துக்கொண்டு வர வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்து இரவுச் சாப்பாடு தொடங்கும்வரை கிடைக்கும் இடைவேளையைச் சமையல்காரர் சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். அந்த நேரத்தில் அப்பா வீட்டுக்கு வந்து கொஞ்சம் காலை நீட்டிவிட்டு, தோய்த்த கோட்டோடு திரும்பிப் போவார். சோதனை நெருங்கிவிட்டதால் அம்மா அன்று வேகத்தைக் கூட்டினார். அன்ரி கூடையைப் பார்க்கக் கூடாது, அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் வசனம் சொல்ல வேண்டும், கை தன்பாட்டில் எடுத்துப் போட வேண்டும். கோட்டு தோய்க்கப்பட்டது. காற்சட்டை தோய்க்கப்பட்டது. வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக விழுந்தன. அம்மா மிஷின் கதவைச் சாத்தியபோது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

பாடம் சொல்லும் மும்முரத்தில், அந்த மங்கலான வெளிச்சத்தில், அம்மா உடுப்பை அப்படியே அள்ளி உலர்த்தும் மிஷினுக்குள் தள்ளியிருந்தார். இடைவேளை தொடங்கியதும் அப்பா நேராகத் தோய்க்கும் அறைக்கே வந்துவிட்டார். உலர்த்தும் மிஷினைத் திறந்து ஒரு கோட்டை இழுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடுத்ததை இழுத்தார். எல்லாம் ரோஸ் நிறம். கடைசியாக உள்ளே இருந்து, சோதனைக்கு உடுப்பதற்கென்று அன்ரி புதிதாக வாங்கிய சிவப்பு ஸ்வெட்டர், ஒரு சின்னப் பிள்ளையின் அளவுக்குச் சுருங்கி வந்தது.

“இதென்ன இது?”

“நிறம் மாறிப் போச்சு,” என்றார் அம்மா.

“தன்ரைபாட்டிலை மாறிப் போச்சோ? ஆர் போட்டது?”

அம்மா வாயைத் திறக்குமுன் நான் வாளியில் இருந்து குதித்து இறங்கினேன். “அன்ரிதான் போட்டவ, அப்பா. நான் கண்டனான்.” சொல்லும்போது விரலையும் நீட்டினேன். இதோ, இத்தோடு முடிந்தது, அப்பா சாவியை வாங்கிக்கொள்ளப் போகிறார், இனிச் சனிக்கிழமைகளில் அம்மா மேலே என்னோடு என்று மனதுக்குள் கெட்டிமேளம் கொட்டியது.

அன்ரிக்குத் தமிழ் விளங்கவில்லை, விரல் விளங்கியது. முகம் வெளுத்துப்போய், சுருங்கிய ஸ்வெட்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சோதனை அறையில் நிற்பதுபோல் அப்பாவின் முன்னால் நிமிர்ந்து நின்றார். ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“த கோட்ஸ் வேர் றூயின்ட் பை மீ.”

அம்மா துள்ளினார். உண்மையாகவே துள்ளினார், செருப்பு ஒன்று கழன்று போனது.

“பை மீ! பை மீ எண்டிட்டா! இஞ்சாருங்கோ, கேட்டனீங்களோ? ஒரு பிழையும் இல்லை!”

கைதட்டினார். அன்ரியைக் கட்டிக்கொண்டார். அன்ரி அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் அம்மாவின் தோளில் முகத்தை வைத்திருந்தார். அப்பா ரோஸ் கோட்டும் கையுமாக இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஓம், எனக்கும் கேட்டது, கோட்டுக்கும் கேட்டது. இதைப் போட்டுக்கொண்டு போனால் ஷெஃப் என்னைத் தூக்கி கேக்குக்கு மேலை வைச்சுப்போடுவான்.”

சொல்லிவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார். அதைப் போட்டுக்கொண்டே வேலைக்கும் போனார். அந்த நிலவறையில் சிரிக்காமல் நின்றது நான் ஒருத்திதான். என் வயதுக்கு நான் எத்தனையோ செய்திருந்தேன். கடைக்குத் தனியாகப் போனேன், அஞ்சல்காரரோடு அம்மாவுக்காகக் கதைத்தேன், வைத்தியரிடம் மொழிபெயர்த்தேன். எனக்கு அம்மா ஒருநாளும் கைதட்டியதில்லை. அதுவும் ஒரு வசனத்துக்கு!

அன்ரிக்கு மேசை கிடைத்தது. ஒரு கேக்கோடு வந்து அம்மாவின் கன்னங்களில் மாறி மாறி முத்தமிட்டார். எனக்கும் ஒன்று கிடைத்தது, துடைத்துவிட்டேன். வேலையோடு ஹோட்டலிலேயே ஓர் அறையும் கொடுத்தார்கள். தோய்க்கும் வேலையை அங்கே ஹோட்டல் பார்த்துக்கொள்ளுமாம். வேறு நிறப் பொத்தான் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு பெட்டியோடு போய்விட்டார்.

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அம்மா சனிக்கிழமையும் என் பக்கத்தில் இருந்தார். வரியின் கீழே அம்மாவின் விரல் ஓடியது, கண் பின்னால் வரவில்லை. “வாசி.” வாசித்தேன். “பிழை.” எங்கே என்று கேட்டேன். விரல் ஒரு சொல்லில் நின்றது, பிறகு அடுத்த சொல்லுக்குப் போனது, பிறகு பக்கத்தை விட்டே எழும்பிவிட்டது. “எல்லாம் பிழை. திரும்ப வாசி.” நான் வேண்டுமென்றே மிக மெதுவாக வாசித்தேன், ஸ்லோலி என்று சொல்வாரோ என்று. “என்ன நித்திரையோ?” என்றார்.

ரெயாலுக்குத்தான் போனேன். ஒன்பதாம் வகுப்போடு அதையும் விட்டேன். பெர்மிட்டை யாரும் பறிக்கவில்லை, நான் பட்ட கவலைதான் மிச்சம். அம்மாவுக்கு அந்தக் குசினி மேசையில் வந்த கோபம் என் மேல் வந்தது என்றே பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அன்ரி போனபின் வந்த ஒரு தோய்ப்பு நாளில், சோறு வைக்க நேரமாகியும் அம்மா மேலே வரவில்லை. கூப்பிடப் போனேன். தோய்க்கும் அறையில், பாடத்துக்கு அம்மாவும் அன்ரியும் இருக்கும் இரண்டு ஸ்டூல்களும் பழையபடி எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் அம்மா இருந்தார், கையில் ஒரு துவாய். மிஷினின் வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்ததுபோல் இருந்தது.

“அம்மா, வாங்கோவன். பசிக்குது.”

“வாறன் பிள்ளை. மிஷின் நிக்கட்டும்.”

மிஷின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. உடுப்பெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குவியலாகக் கிடந்தது. நான் வழக்கம்போல ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு மேலே ஏறினேன். அம்மாவுக்குக் காது கேட்காமல் போகிறதோ என்று அன்றில் இருந்து எனக்கு ஒரு புதுக் கவலை பிடித்துக்கொண்டது.