லொக் புத்தகத்தில் மூன்று வரி

பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து யார் இடுப்பில் தொங்குகிறதோ, அவன் தலையில்தான் எல்லாப் பழியும் வந்து விழும். என் தலையில் முதலில் போட்டது பவித்ரா டீச்சர். மணி அடித்து, கதவு திறந்து, கூட்டிப் பெருக்குகிற என் போன்ற சிற்றூழியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருசமாக இந்த வேலை.

பிளக்

பவித்ரா டீச்சர் இன்னும் முழு டீச்சர் ஆகவில்லை. றக்வானைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு, கடைசி வருசப் பயிற்சிக்கு எங்களிடம் வந்திருந்தார். அந்த வருசம்தான் எங்களுக்கு ஸ்மார்ட் போர்டும் வந்தது. சுவரளவு டிவி, விரலால் எழுதலாம். அதில் பாடம் நடத்திக் காட்டினால்தான் அவருக்குப் பாஸ். இல்லையென்றால் இன்னொரு வருசம்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகும் இருந்து, இரண்டு மணித்தியாலம் பாடம் தயாரித்தார். போன் வந்ததென்று வெளியே போனார். அந்த நேரம் மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இடிச் சத்தம் கேட்டால் யாரும் யாரையும் கேட்பதில்லை; எந்த வீட்டு டிவியாக இருந்தாலும் கிட்ட நிற்கிறவன் பிளக்கைக் கழற்றுவான். நானும் கழற்றினேன். பாடத்தை அவர் சேவ் பண்ணியிருக்கவில்லை. எனக்கு அந்த வார்த்தையே அன்றைக்குத்தான் தெரியும்.

டீச்சர் அழுதுகொண்டே ஒபீசுக்குப் போனார். பெரிய சேர், அதுதான் எங்கள் அதிபர், பள்ளிக்கூடத்து நடப்பெல்லாம் ஏறுகிற லொக் புத்தகத்தை எடுத்து மூன்று வரி எழுதினார். சிற்றூழியர் அனுமதி இல்லாமல் மின்சாரத்தைத் துண்டித்ததால் பாடம் அழிந்தது, கவனயீனம், எச்சரிக்கப்பட்டார். கீழே டீச்சரும் கையெழுத்துப் போட்டார். இருபத்தைந்து வருசத்தில் அந்தப் புத்தகத்தில் என் பேர் ஏறியது அதுதான் முதல் தடவை. வெளியே வரும்போது டீச்சர் சொன்னார்: "ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அண்ணே."

அவிசாவளையிலிருந்து வந்தவர்

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மின்னல். நான் வெள்ளிக்கிழமையே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கதவைப் பூட்டியிருந்தேன். கீழே இருக்கிற சிங்களப் பள்ளிக்கூடத்தில் இதே மாதிரி போர்ட் கருகிப் போனது. அதைப் பார்க்க அவிசாவளையிலிருந்து வந்த ரிப்பெயர்காரர் எங்களுடையதையும் பார்த்துவிட்டுப் போக ஏறி வந்தார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பெரிய சேரும் பவித்ரா டீச்சரும் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு பேருக்கும் சிங்களம் நன்றாகவே விளங்கும். உன்னால்தான் இது தப்பியது என்று அவர் என்னைப் பார்த்து அவர் பாஷையில் சொன்னார்: "மேக்க பேருனே ஒயா நிசா, மாமே."

அடிக்கக் கூடாத எழுத்து

அடுத்த நாள் பெரிய சேரிடம் போய், அந்த மூன்று வரியை அடித்துவிடச் சொல்லிக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. கதிரையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருசம்தான், கவனயீனம் என்ற பேரோடு கேட்டைத் தாண்டிப் போக முடியாது என்றேன்.

தன் சாவியால் அலுமாரியைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "லொக் புத்தகத்துல எழுதினத அடிக்க முடியாதுங்க. கீழ ஒரு திருத்தக் குறிப்பு எழுதலாம். ஆனா மொறப்பாடு சொன்னவங்க, அதான் டீச்சர், கையெழுத்துப் போடணும்."

இடக்கை வெட்டு

டீச்சரிடம் நான் கேட்கவில்லை. அவரும் தானாகச் சொல்லவில்லை. ஒரே வராந்தாவில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் போய் வந்தோம்.

ரப்பர் பால் வெட்டுவது பற்றி ஒரு பாடம் செய்தார். வெட்டுக்கோடு விழுந்த மரத்தின் படத்தைத் தூக்கிப் போர்டில் வைக்கும்போது எதையோ அமத்தி, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் திரும்பிவிட்டது. அவர் தேயிலை மலைப் பிள்ளை, அவருக்குத் தெரியவில்லை. முதல் நாள் சாயந்தரம் கூட்டும்போதே நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ஒபீஸ் அலுமாரியில் அந்த மூன்று வரி கிடந்ததால் வாயைத் திறக்கவில்லை. இதை ஒளிக்க விரும்பவில்லை.

மறுநாள் படம் வந்ததும் வகுப்பே சிரித்தது. டீச்சர் முகம் செத்துப் போனது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை, அம்மா பால் வெட்டுகிறவள், எழும்பிச் சொன்னாள்: "டீச்சர், கோடு எடப்பக்கம் ஒசந்து வலப்பக்கம் எறங்கணும். இப்பிடி வெட்டுனா கங்காணி மரத்துக்கிட்டயே விடமாட்டாரு."

மேடம் வந்த நாள்

கடைசி மதிப்பீட்டுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு மேடம் வந்தார். பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அதே ரப்பர் பாடம், படம் இப்போது சரியாக இருந்தது. பாதிப் பாடத்தில் வானம் கறுத்து, தூரத்தில் இடி உருண்டது.

வாசலில் நின்றேன். கழற்றினால் இன்னொரு மூன்று வரி. கழற்றாவிட்டால் போர்ட் போகலாம். அன்றைக்கு டீச்சர் சொன்னது நெஞ்சில் கிடந்தது. அதனால் ஒரு வார்த்தை கேட்டேன்: "டீச்சர், கழட்டவா?" அவர் என்னைப் பார்த்தார், மேடத்தின் பேனாவைப் பார்த்தார், விரலால் சேவ் பட்டனை அமத்தினார். பிறகு தலையாட்டினார். கழற்றினேன்.

அதற்குப் பிறகு அவர் சோக்கட்டியை எடுத்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கரும்பலகையில் வெட்டுக்கோடு போட வைத்தார். நல்ல பாடம். வயிற்றெரிச்சலோடு சொன்னாலும் நல்ல பாடம்தான். முடிந்ததும் மேடம் எழும்பினார்: "மின்னலுக்கு முன்னமே கழட்ட ஏற்பாடு செஞ்சிருக்கீங்க பாருங்க, அது நல்ல முகாமைத்துவம், வகுப்ப நல்லா நடத்துறீங்க." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நன்றி சொன்னார்.

அலுமாரி

பாஸாகிவிட்டார். போகிற நாளில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியாக நான் நின்ற மணி மரத்தடிக்கு வந்தார். லொக் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாங்க, இப்போதே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். கண் கலங்கியிருந்தது. ஆனால் பெரிய சேர் கூட்டமென்று டவுனுக்குப் போயிருந்தார். லொக் புத்தகம் அவர் அலுமாரியில். இந்தப் பள்ளிக்கூடத்தில் என் கொத்தில் இல்லாத சாவி அது ஒன்றுதான்.

தெரணியகலை போகிற கடைசி பஸ் கீழே ஹோர்ன் அடித்தது. டீச்சர் பையைத் தூக்கிக்கொண்டார். "நியமனம் கெடச்சதும் இதுக்குன்னே ஒரு நாள் வர்றேன் அண்ணே," என்றார்.

நியமனம் றக்வானையிலேயே கிடைத்துவிட்டதாம். இடி உருண்டால் நான் இன்னும் பிளக்கைக் கழற்றுகிறேன், அந்தக் கையெழுத்துதான் இன்னும் பஸ் ஏறவில்லை.