ஐந்து வெளியாட்கள்

"வெளியாக்கள் ஐஞ்சு பேர் உன்னட்டை மா வாங்கட்டும். தைப்பொங்கலுக்கிடையிலை வாங்கினால் நான் வீட்டை விக்கேல்லை" என்று அண்ணை கனடாவிலிருந்து சொன்னார்.

புளியங்கூடலில் நான் இருக்கும் வீடு அவருடைய காசில் கட்டியது, அவர் பெயரில் இருப்பது. அதை விற்றுவிட்டு என்னைக் கொழும்பில் ஒரு தொடர்மாடிக்குள் கொண்டுபோய் வைக்க நினைத்தார். கலியாணம் கட்டாத ஒருத்தி தீவில் தனியே இருந்து என்ன செய்கிறாள் என்பது அவருடைய நியாயம். எனக்கு ரோசம் வந்துவிட்டது. இணையத்தில் சொந்தமாகக் கடை போட்டு வெளிநாட்டுக்கு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா விற்கப்போகிறேன் என்று வாயை விட்டேன். அன்றைக்கு இணையக்கடை என்றால் எனக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது.

"சொந்தக்காரர் வாங்கினால்?" என்று கேட்டேன்.

"அது இரக்கம், யாவாரம் இல்லை. அதைச் சேர்க்கேலாது."

கடை போடுவது கோதாரி பிடித்த வேலை. ஒரு படிவம் முடிய இன்னொன்று வரும். காசு வாங்கித் தரும் சேவை ஒன்றில் நாடுகளின் பட்டியலைத் திறந்தால் எங்கள் நாட்டைக் காணவில்லை. மேலும் கீழுமாக மூன்று தரம் தேடினேன். கண்தான் பிழையோ என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன். கடைசியில் யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக்குப் போய், அங்கிருந்த பிள்ளை காட்டிய இடமெல்லாம் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். எதற்கு வைத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பொருளைத் திருப்பி எடுக்கும் விதிகள் வேண்டும் என்று கடை கேட்டது. வேறொரு கடையின் விதிகளைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். அது சப்பாத்துக்கடை. ஒருமுறை காலில் போட்டால் திருப்பி எடுக்கமாட்டோம் என்று என் ஒடியல் மாவுக்குக் கீழே இரண்டு கிழமை கிடந்தது.

கடை திறந்த மூன்றாம் நாள் லண்டனிலிருந்து மா கேட்டு முதல் கட்டளை வந்தது. பெயரைப் பார்த்தேன், தெரியாத பெயர். உடனே அதிலிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஆரெண்டு தெரியாத ஒருவருக்குச் சாப்பாட்டுச் சாமானை எப்படிக் கட்டி அனுப்புவது?

"தம்பி, நீங்கள் எவடம்?"

"மடத்துவெளி, அக்கா."

"மடத்துவெளியிலை ஆற்றை பிள்ளை?"

நாலாவது கேள்வியில் அவன் என் பெரியம்மாவின் மருமகனுக்குத் தம்பி முறை ஆகிவிட்டான். பொதிக்குள் ஓலையில் பின்னிய ஒரு குட்டான் நிறையப் பனங்கட்டியும் சும்மா வைத்து அனுப்பினேன். அடுத்து பாரிஸ், அதற்கடுத்து மெல்பேண். எல்லாருக்கும் போன் எடுத்தேன், எல்லாரும் சொந்தமாகி முடிந்தார்கள். ஏழு பேர் வாங்கினார்கள், ஒருவரும் வெளியாள் இல்லை.

அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "விசரி, உன்னை ஆர் கேக்கச் சொன்னது?"

அதுதான் எனக்குக் குழப்பம். கேட்டிருக்காவிட்டால் அந்த ஏழு பேரும் வெளியாட்களா? எனக்குத் தெரியாது என்பதற்காக ஒருவர் சொந்தம் இல்லையென்று ஆகிவிடுமா? யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. இனி வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். கட்டளை வந்தால் பொதியைக் கட்டி, முகவரியைப் பார்த்து எழுதி, ஊர்காவற்றுறைத் தபாற்கந்தோரில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தேன். அப்படி நாலு பேர் சேர்ந்தார்கள்.

பொங்கலுக்கு ஒரு கிழமை இருக்கையில் நோர்வேயிலிருந்து ஐந்தாவது வந்தது. துள்ளிக் குதிக்காத குறை. முகவரியைப் பார்த்தால் வீட்டு இலக்கம் இல்லை. மின்னஞ்சல் போட்டு நாலு நாள் பார்த்தேன், பதில் இல்லை. வேறு வழியில்லாமல் போன் எடுத்தேன். இலக்கத்தை மட்டும் கேட்பது, மற்ற ஒன்றும் கேட்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் பண்ணியிருந்தேன்.

இளம் பெண் ஒருத்தி இலக்கத்தைச் சொன்னாள். அத்தோடு வைத்திருப்பேன், அவள் விடவில்லை.

"அக்கா, கூழுக்கு இந்த மாவை எவ்வளவு நேரம் ஊறப் போடுறது? அம்மாவிட்டைக் கேட்டு வைக்கேல்லை. அவ போன வருஷம் செத்துப்போனா."

சொல்லிக் கொடுத்தேன்.

"அம்மா நெடுந்தீவு. அங்கை எங்களுக்கு ஒருதரும் இல்லை எண்டுதான் சொல்லுறவ. அம்மப்பாவுக்கு ஒரு கை ஏலாதாம், மற்றக் கையாலை தனிய வள்ளம் வலிப்பாராம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நெடுந்தீவில் ஒற்றைக் கையால் வள்ளம் வலித்தவர் ஒருவர்தான். என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். அவருடைய மகள், எனக்கு மச்சாள், தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒருவரும் அவளோடு கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. ஊரில் போகிற வருகிற எல்லாரையும் ஆற்றை பிள்ளை என்று விசாரிக்கிற நான், அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருநாளும் விசாரித்தது கிடையாது.

எனக்கு அந்தப் பெண்ணில்தான் கோபம் வந்தது. இலக்கத்தைச் சொன்னாய், மாவைக் கேட்டாய், வைத்துவிட்டுப் போயிருக்கலாமே! நான் பேசாமல் இருந்தால் வீடு மிஞ்சும். பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

"அக்கா, லைனிலை நிக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை" என்றேன். "அம்மா சொன்னது பிழை. உமக்கு இங்கை ஆக்கள் இருக்கினம். நான் உம்மடை அம்மாவின்ரை மச்சாள்."

அவள் "அப்ப உங்களை நான் என்னெண்டு கூப்பிடுறது?" என்று கேட்டாள்.

"மாமி எண்டு."

சொல்லிப் பார்த்தாள். எனக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பொங்கலன்று அண்ணை போன் எடுத்தார். "எத்தினை பேர்?"

"நாலு."

"நோர்வேயிலையிருந்து ஒண்டு வந்தது எண்டாய்?"

"அவள் எங்கடை பிள்ளை, அண்ணை."