ஆரைக்கீரையும் திரிந்த பாலும்

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. நாத்தனார் விட்டுப்போன மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஏழும் வரப்புக்கீரை தின்று வளர்ந்தவை. ஒன்றுக்காவது கண்ணாடி உண்டா என்று பாருங்கள். பெரியவன் போட்டிருக்கிறான், அது வாத்தியார் வேலைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று.

கீழ்வேளூர்ப் பக்கம் மாசி பிறந்து சம்பா அறுப்பு முடிந்தால் வரப்பெல்லாம் கீரைதான். யாரும் விதைப்பதில்லை. குப்பைக்கீரை, சாரணை, வாய்க்கால் ஈரத்தில் ஆரை, வேலியில் முடக்கத்தான். எல்லாவற்றையும் கலந்து மண்சட்டியில் கடைந்தால் கஞ்சிக்கு வேறெதுவும் வேண்டாம். எழுத்து எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. கீரை நடக்கத் தெரிந்த நாளிலேயே வந்துவிட்டது.

அறுபத்தேழில் ஆட்சி மாறி, தெருவுக்குத் தெரு கொடி ஏறிய காலம் அது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அறுப்புக்குப் போகவில்லை. மிராசுதார் வெளியூர் ஆட்களை வைத்து அறுத்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் ஓர் உத்தரவும் போட்டார்: எங்கள் தெருப் பெண்கள் யாரும் அவர் வரப்பில் கால் வைக்கக்கூடாது. அறுத்த வயலில் தெளித்த உளுந்து முளை மிதிபடுமாம். கூலியும் இல்லை, கீரையும் இல்லை. அப்போது எனக்கிருந்த இரண்டு குழந்தைகளும் உப்பைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தன.

வரப்பைக் காவல் காத்தவர் மிராசுதாரின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாள் முழுக்க அங்கேயே நிற்பார்.

மிராசுதாரின் தாயாருக்கு மாசி மாதத்தில் ஆரைக்கீரையைப் பால்விட்டுக் கூட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சோற்றைத் தொடமாட்டார். வருஷாவருஷம் அதைப் பறித்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். இப்போது காரியக்காரரே பறித்தார். ஆரைக்கு ஒரு காம்பில் நான்கு இலை. பக்கத்திலேயே முளைக்கும் புளியாரைக்கு மூன்று. வயலைக் குழிக்கணக்கில் அளக்கிறவர் இலையை எண்ணவில்லை. கூட்டில் பாலை விட்டதும் திரிந்து கட்டி கட்டியாக நின்றதாம். மறுநாளும் அதே கதை. அந்த அம்மாள் சாப்பாட்டு இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாராம்.

மூன்றாம் நாள் காலை, துண்டில் ஒரு பிடி கீரையோடு காரியக்காரர் எங்கள் தெருமுனைக்கு வந்தார்.

"ஏ புள்ள, இது ஆரைதான?"

"புளியாரைங்க. ரசம் வைக்கலாம்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா மனுசன் என்ன பண்றது?"

"எண்ணிப் பாக்கலாங்க. நாலு வரைக்கும் எண்ணுனா போதும்."

என் பின்னால் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சரி, நீ போயி ரெண்டு கை கிள்ளிக்கிட்டு வா. உன் வீட்டுக்கும் எடுத்துக்க. நான் கண்டுக்கல."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளை நினைத்து ஒரு கால் முன்னால் போய்விட்டது. பிறகுதான் பின்னால் நிற்கிறவர்கள் வீட்டுக் கஞ்சியும் ஞாபகம் வந்தது.

"நான் ஒருத்தி போனா எப்புடிங்க? கிள்ளணும், ஆயணும், புளியாரை கலக்காம பாக்கணும். தெருவே வந்தாதான் ஆவும்."

"ரெண்டு கை கீரைக்கு இருவது பேரா?"

"பெரியம்மா சாப்புடுறதுங்க. திரும்பவும் பால் திரிஞ்சா உங்களைத்தான கேப்பாங்க."

கீரையை உதறிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். உச்சிப்பொழுதுக்குள் திரும்பி வந்து, எங்களைப் பார்க்காமல் தென்னைமரத்தைப் பார்த்துச் சொன்னார்: "உளுந்த மிதிக்காம போயிட்டு வாங்க."

அம்மாளுக்கு இரண்டு கை ஆரை போனது. மீதி இருபது கூடையும் எங்கள் தெருவுக்கு வந்தது. அன்று சாயங்காலம் தெருவெல்லாம் கீரை கடையும் சத்தம்தான். மறுநாளும் இறங்கினோம், யாரும் தடுக்கவில்லை. கூலி நெல்லுக்கு இன்னும் இரண்டு அறுப்பு சண்டை போட வேண்டியிருந்தது.

எழுதி முடித்துவிட்டேன். பேத்திக் கண்ணு, இதை ஒருதரம் சத்தமாகப் படித்துக் காட்டு. இருபது பேர் என்று சரியாக எழுதியிருக்கிறேனா பார். ஒருத்தி குறைந்தாலும், விடுபட்டவள் இப்போதிருக்கிற மேலத்தெருவிலிருந்து சண்டைக்கு வந்துவிடுவாள்.